கடைசி ஆளின் கூலி

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியிலிருந்து இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஏற்பட்டது. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்வோர்க்கு இது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு ஆகும். அம்மாதச் சம்பளச் சீட்டுகளைக் கொடுத்த அன்று, தென்கெடாவில் ஒரு தோட்டத்து ஆபீசில் நாம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பால் வெட்டியே முதுகு வளைந்த ஓர் அம்மையார் தம் சீட்டைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வங்காளதேசத்து இளைஞனின் சீட்டையும் எட்டிப் பார்த்தார். இரண்டிலும் அடிப்படைச் சம்பளம் ஒன்றே.

“ஏன் ஐயா, இருபத்தேழு வருஷமா விடியக் காலம் எழுந்து மரம் வெட்டுறேன். நேத்து வந்த பங்களாக்காரனுக்கும் எனக்கும் ஒரே சம்பளமா?” என்று கேட்டார்.

நமக்குச் சட்டென்று விடை வரவில்லை. வரிசையில் நின்ற நம்மவர் பலர் “ஆமாம், ஆமாம்” என்றனர். அந்த இளைஞனுக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது தெரிந்தது. தலை குனிந்து வெளியே போனான்.

அம்மையார் கேட்ட கேள்வி புதிதன்று. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தில் இயேசு நாதர் சொன்னதாக ஓர் உவமை இருக்கிறது. ஆங்கிலம் படித்த நாம் அதனைப் பிள்ளைப் பருவத்தில் ஆங்கிலத்திலேயே கேட்டோம்; பரீட்சைக்கு எழுதினோம்; மறந்தோம். தமிழில் அதனை நாம் முதன்முதல் கேட்டது அன்று அந்தச் சம்பள மேசையருகில்தான்.

உவமை இது. திராட்சத் தோட்டத்துச் சொந்தக்காரன் ஒருவன் விடியலில் கடைவீதிக்குப் போய், நாளுக்கு ஒரு வெள்ளிக்காசு என்று பேசி ஆட்களை அழைத்து வந்தான். காலை ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் மறுபடி போய் வேறு ஆட்களை அழைத்தான். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் போனான். அப்போதும் சிலர் நின்றுகொண்டிருந்தனர். ஏன் நாளெல்லாம் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டான். தங்களை வேலைக்கு அழைப்பார் ஒருவருமில்லை என்றனர். அவர்களையும் அனுப்பினான். மாலையில் கடைசியில் வந்தவர் தொடங்கி முதலில் வந்தவர் வரை எல்லோருக்கும் ஒவ்வொரு வெள்ளிக்காசு கொடுக்கச் செய்தான். முதலில் வந்தவர்கள் முறுமுறுத்தனர். பேசிய கூலியைக் குறையாமல் கொடுத்தேன், கடைசியில் வந்தவனுக்கு நான் நல்லவனாயிருப்பது உங்கள் கண்ணை ஏன் உறுத்துகிறது என்று அவன் கேட்டான்.

அந்த வெள்ளிக்காசு அந்நாட்டில் ஒரு கூலியாளின் ஒரு நாள் பிழைப்பு என்பதை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். அதில் பாதியைக் கொடுத்தால் பாதிக் குடும்பம் பட்டினி. கடைசியில் வந்தவனின் பிள்ளைகளுக்கும் முழு வயிறு உண்டு என்பதைக் கண்டவன் அந்தச் சொந்தக்காரன்.

நிற்க. இவ்வுவமையை நம் நாட்டில் யார் யார் எவ்வாறு உபயோகிக்கின்றனர் என்று பார்ப்போம்.

பிரசங்கிகளில் பலர் இதனை மோட்சத்துக்கு ஏற்றிவிடுகின்றனர். சாகுந்தறுவாயில் மனந்திரும்பினவனுக்கும் பரலோகம் உண்டு என்பதே இதன் பொருள் என்கின்றனர். அப்பொருளை நாம் மறுக்க வரவில்லை. ஆனால் சொன்னவர் கூலியைப் பற்றிய கதையைத் தேர்ந்தெடுத்துச் சொல்லியிருக்க, கேட்பவர் கூலியைப் பற்றி மட்டும் நினைக்கக் கூடாதென்பது என்ன நியாயம்? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்ட உவமை திங்கட்கிழமை பெரட்டுக்கு வராதென்றால், அது யாருக்காகச் சொல்லப்பட்டது?

முதலாளிமாரும் அவர்களுக்கு ஒத்து ஊதுவோரும் இதில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்கின்றனர். என் உடைமையை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா என்று சொந்தக்காரன் கேட்கிறானல்லவா? அதுதான் அவர்களுக்குத் தித்திக்கிறது. ஆனால் அவன் அதை எப்போது சொன்னான்? பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்த பின், அதற்கு மேலும் கொடுத்தபோது சொன்னான். கூலியைக் குறைப்பவனுக்கு அவ்வாக்கியத்தில் ஒரு காசளவும் இடமில்லை. அன்றியும், யூதரின் பழைய பிரமாணத்தில் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்றும், அவன் உன் இனத்தானாயினும் உன் நாட்டிலிருக்கும் அந்நியனாயினும் அவனை ஒடுக்கலாகாது என்றும் கட்டளை இருக்கிறது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடு என்பதை நபிகள் நாயகத்தின் உபதேசமாக நம் முஸ்லிம் அண்டை வீட்டார் போற்றுகின்றனர். இந்நாட்டு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுபட வேண்டும் என்கிறது. வேதமும் சட்டமும் ஒத்துப் பேசும் இடத்தில் இஷ்டத்துக்கு வேலை என்ன?

மூன்றாவது வகையார் நாமே. நாம் அந்த உவமையில் இருக்கிறோம். முறுமுறுப்போர் வரிசையில் இருக்கிறோம். கட்டுரையின் சாரம் இதுவாதலால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

இவ்வுவமை வெறும் பிரசங்கத்துக்கு உரியதன்று, வாழ்க்கையில் நடத்திப் பார்க்கத் தக்கது என்று காட்டியவர்கள் உண்டு. 1860-இல் ஜான் ரஸ்கின் என்னும் ஆங்கில அறிஞர், இவ்வுவமையின் சொற்களையே தலைப்பாக வைத்துக் கூலியைப் பற்றி ஒரு பத்திரிகையில் கட்டுரைகள் எழுதினார். கூலி என்பது போட்டியில் யார் குறைத்துக் கேட்கிறானோ அவனுக்குக் கொடுப்பதன்று. வேலைக்கு இன்ன கூலி என்று நிலையாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். பணக்கார வாசகர்கள் கூச்சலிட்டதால் அக்கட்டுரைகள் நடுவில் நிறுத்தப்பட்டன. 1862-இல் அவை நூலாக வந்தன. அந்நூலை 1904-இல் போலக் என்னும் நண்பர் ஜோகானஸ்பர்க் ரயிலடியில் காந்தியடிகள் கையில் கொடுத்தார். டர்பன் போய்ச் சேருமுன் காந்தியடிகள் அதைப் படித்து முடித்தார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. வக்கீலின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்று துணிந்தார். அதே ஆண்டில் டர்பனுக்கு அருகே பீனிக்ஸ் குடியிருப்பை ஏற்படுத்தினார். அங்கே ‘இந்தியன் ஒப்பீனியன்’ அச்சகத்தில் வேலை செய்வோர்க்கு நிறம், தேசம் பாராமல் மாதம் மூன்று பவுன் என்பது திட்டம். தமிழ்ப் பகுதியோடு தொடங்கப்பட்ட பத்திரிகை அது. 1908-இல் அவரே ரஸ்கின் நூலைக் குஜராத்தியில் சுருக்கி எழுதி ‘சர்வோதயம்’ எனப் பெயரிட்டார். கடைசியில் வந்த கூலியாளின் வெள்ளிக்காசிலிருந்து பிறந்த சொல் அது. ஒரு கிறிஸ்தவ உவமையை ஓர் இந்து, கடலுக்கு அப்பால், பல இனத்தார் வேலை செய்த அச்சகத்தில் நடத்திக் காட்டினார். நம் தோட்டங்களில் மட்டும் அது நடவாதா?

நம் சரித்திரத்தையே பார்ப்போம். 1930-இல் உலகெங்கும் வியாபாரம் வீழ்ந்தபோது, மலாயாவில் தமிழ் ஆணுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 40 காசாகக் குறைக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1936-ஆம் ஆண்டு இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் வந்து விசாரித்து, ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் மீண்டும் வேண்டும் என்று எழுதினார். பெண்ணின் கையைப் பத்துக் காசு தாழ்வாகவே அந்தப் பெரியவரும் மதித்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1938-இல் மறுபடி குறைப்பு வந்தபோது, உதவி பெற்று ஆட்கள் இங்கு வருவதை இந்திய அரசாங்கம் தடுத்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டவற்றுள் முக்கியமானது யாது? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி! ஒரே மரத்தை வெட்டுகிறோம், ஒரே வெயிலில் நிற்கிறோம், இனத்தைப் பார்த்து ஏன் குறைக்கிறாய் என்று கேட்டார்கள். துப்பாக்கிக்கு முன்னால் நின்று கேட்டார்கள். அந்தத் தாத்தாக்களின் பேரப் பிள்ளைகளாகிய நாம், வங்காளதேசத்தானுக்கு ஏன் சமமான கூலி என்று இன்று முறுமுறுக்கிறோம். இதைவிடப் பெரிய மறதி உண்டோ?

இன்னொன்றும் மறந்தோம். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. குடியுரிமை இல்லாதார் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யலாகாது என்றாயிற்று. தோட்டத்தை உண்டாக்கிய கைகளுக்குச் சொந்தமானவர் பல்லாயிரவர், சிவப்பு அடையாள அட்டையோடு மூட்டை கட்டினர். பினாங்குத் துறைமுகத்தில் அழுத அழுகையைக் கேட்ட கிழவிகள் சிலர் இன்றும் நம் லயங்களில் இருக்கின்றனர். அன்று நம்மைப் பார்த்து ‘அந்நியன்’ என்றார்கள். இன்று அதே சொல்லை நாம் எடுத்து வேறொருவன்மேல் எறிகிறோம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜொகூர் மாநிலத்துப் பெங்கேராங்கில் நடந்ததை வாசகர் பத்திரிகைகளில் படித்திருக்கலாம். வேலை உண்டென்று வரவழைக்கப்பட்டு வேலையில்லாமல் கிடந்த 171 வங்காளதேசத் தொழிலாளர், போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்க ஒன்றாக நடந்து போனார்கள். வழியில் அவர்களையே பிடித்து வைத்தார்கள். உவமையில் மாலை ஐந்து மணிக்குக் கடைவீதியில் நின்றவர்கள் இவர்கள்தாம். சும்மா நின்றது சோம்பலால் அன்று, அழைப்பார் இல்லாமையால். ‘பங்களாக்காரன் சோம்பேறி’ என்று டீக்கடையில் பேசும் தோழர்கள் இவ்விடத்தைச் சிந்திக்க வேண்டும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். “வெளிநாட்டார் வந்ததால்தானே நம் கூலி ஏறவில்லை? அவர்கள் குறைந்த கூலிக்கு உழைப்பதால்தானே நம் பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் இடமில்லை?” என்று கேட்பர். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்குமிடத்தில் எல்லோருடைய கூலியும் கீழே இழுக்கப்படும் என்பது மெய். ஆனால் இழுப்பவன் யார்? கடைசியில் வந்தவனா, அவனுக்குக் குறைத்துக் கொடுப்பவனா? உவமையை மீண்டும் பாருங்கள். கடைசி ஆளுக்கு அரைக்காசு கொடுத்திருந்தால், மறுநாள் காலையில் அந்தச் சொந்தக்காரன் விடியலில் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. மாலை ஆட்களையே மலிவாக அழைத்துக்கொள்வான். கடைசி ஆளுக்கு முழுக் காசு கொடுத்ததால்தான் முதல் ஆளின் காசுக்கும் காவல் உண்டாயிற்று. ஆகவே, புதிதாய் வந்தவனுக்கு முழுச் சம்பளம் வேண்டும் என்று கேட்பது தருமமும் ஆம்; நம் வயிற்றைக் காக்கும் வழியும் ஆம்.

அப்படியானால் இருபத்தேழு வருஷம் உழைத்த அம்மையாருக்கு ஒன்றுமில்லையா? உண்டு. நீண்ட சேவைக்குத் தனிப் படி வேண்டும், அனுபவத்துக்கு மதிப்பு வேண்டும், முதுமைக்கு வீடு வேண்டும். 1990-இல் நம் தோட்டத் தொழிலாளர் மாதச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அந்தக் கோரிக்கையின் மிச்சம் இன்னும் நிற்கிறது. இவற்றையெல்லாம் மேலே பார்த்துக் கேட்க வேண்டும். பக்கத்தில் நிற்பவனின் சீட்டைப் பார்த்துக் கேட்டால், கொடுக்க வேண்டியவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான். அம்மையாரின் குறை நியாயமானது. அவர் விரல் நீண்ட திசைதான் தவறு.

முழுக் காசு என்றோமே, அதைக் கையில் கொடுத்து அன்றிரவே திரும்பப் பிடுங்கும் தந்திரமும் உண்டு. முன்னாளில் தோட்டத்துக் கள்ளுக்கடை அதைச் செய்தது. துரை கொடுத்த கூலி துரை அனுமதித்த கடைக்கே போயிற்று. ஆகையினால்தான் 1946-47-இல் நம் கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி முதலானோர் தொண்டர் படை திரட்டிக் கள்ளுக்கடைகளை மறித்தனர். 1947 மார்ச்சில் பீடோங்கிலும் ஏப்ரலில் டப்ளின் தோட்டத்திலும் போலீசாரோடு நேர்ந்த மோதல்களில் நம் தொழிலாளர் உயிர் துறந்தனர். கூலி முழுதாய் வீடு சேர வேண்டும் என்பதற்குக் கொடுத்த விலை அது. இன்று கள்ளுக்கடையின் இடத்தில் ஏஜண்டின் கடன் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜண்டுக்குப் பணம் கட்டி வந்தவன், வட்டிக்கே உழைக்கிறான். 2020-இல் அமெரிக்கச் சுங்கத் துறை இந்நாட்டின் இரண்டு பெருந்தோட்டக் குழுமங்களின் செம்பனை எண்ணெயைத் தடுத்து நிறுத்தியது. கட்டாய உழைப்பின் அடையாளங்கள் காணப்படுகின்றன என்பது அதற்குச் சொன்ன காரணம். அந்தத் தடைகள் வரும்வரை நம் கண்ணுக்கு அது தெரியவில்லையா? தெரிந்தும் பேசாமலிருந்தோம்.

நம் சொந்த வகுப்பைப் பற்றிப் பேசாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகும். 1941-இல் கிள்ளான் தொழிலாளரின் கோரிக்கைகளில், தொழிலாளரைக் கொடுமை செய்யும் தோட்ட அலுவலரை விலக்க வேண்டும் என்பதும் ஒன்று. அந்த அலுவலர் யார்? கிராணிகள், ஆங்கிலம் படித்த நம்மைப் போன்றவர்கள். செக்ரோலில் ஒரு கோடு குறைத்தால் ஒரு வீட்டில் ஒரு நாள் அடுப்பு எரியாது. அந்தக் கோல் நம் கையில் இருந்தது, இன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது, விரல் நம்முடையதே. மழையில் நின்றுபோன வேலையை எப்படிப் பதிவது, புதிதாய் வந்தவன் கையொப்பமிடும் காகிதத்தை அவனுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டுவதா விடுவதா என்பதையெல்லாம் அன்றாடம் தீர்மானிப்பவர் நாம். உவமையில் சொந்தக்காரன் சொல்ல, கூலியைக் கையில் கொடுத்தவன் ஒரு காரியஸ்தன். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. ஆயினும் அவன் ஒரு காசைத் தன் மடியில் ஒதுக்கியிருந்தால் உவமையே கெட்டிருக்கும்.

பட்டணத்துத் தமிழர்களுக்கும் இதில் பங்குண்டு. சுங்கை பட்டாணியிலும், கூலிமிலும், அலோர் ஸ்டாரிலும் உணவுக்கடை, முடிதிருத்தும் கடை, நகைக்கடை வைத்திருக்கும் பெரியவர்களே! தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்த பையனின் பாஸ்போர்ட் உங்கள் மேசை இழுப்பறையில் ஏன் இருக்கிறது? பிறனுடைய கடவுச்சீட்டை உரிமையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது உங்களுக்குத் தெரியாததா? “ஓடிவிடுவான்” என்கிறீர்கள். முழுச் சம்பளமும் ஒரு நாள் ஓய்வும் பெறுகிறவன் ஏன் ஓடப்போகிறான்? கோயில் திருவிழாவில் ஆயிரம் பேருக்கு அன்னதானம் செய்து பெயர் பொறிக்கும் கை, கடைப் பையனுக்கு மூன்று மாதச் சம்பளத்தை ‘பிறகு பார்ப்போம்’ என்று நிறுத்தி வைக்கலாமா? மாதா கோயிலில் முன்வரிசையில் அமர்ந்து இவ்வுவமையைக் கேட்டுத் தலையசைத்து வந்து, வீட்டு வேலைக்காரிக்குப் பொழுது சாய்ந்த பிறகும் வேலை வைக்கலாமா? அவளுக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் காவல்கூட இல்லை. சட்டம் விட்ட இடத்தில் மனசாட்சியாவது நிற்க வேண்டாமா?

நாம் கேட்பது பெரிய புரட்சியன்று. ஒவ்வொரு ஆளுக்கும், அவன் எந்நாட்டானாயினும், அவனுக்குப் புரியும்படி சம்பளச் சீட்டு கொடுங்கள். பாஸ்போர்ட்டை அவனவன் கையில் திருப்பிக் கொடுங்கள். சங்கக் கூட்டத்தில் கூலியைப் பற்றிப் பேசும்போது, உறுப்பினரல்லாத அந்தப் புதிய ஆளின் கூலியையும் கோரிக்கைத் தாளில் முதல் வரியாக எழுதுங்கள். உவமையில் கணக்குத் தொடங்கியது கடைசி ஆளிடமிருந்து என்பதை மறவாதீர்கள்.

அந்த அம்மையாரிடம் அன்று நாம் சொல்லாத விடையை மறுவாரம் சொன்னோம். உவமையை நம் தோட்டத்துப் பேச்சில் சொன்னோம். அவர் கிறிஸ்தவரல்லர், மாரியம்மன் கோயிலுக்கு விளக்கேற்றுகிறவர். கேட்டுவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தக் கடைசியா வந்தவனுக்கும் ஊர்ல அம்மா இருப்பா இல்ல ஐயா?” என்றார். “எனக்குக் கூடக் கொடுக்கச் சொல்லி எழுதித் தாங்க, அவனுக்குக் குறைக்கச் சொல்லி நான் கேக்கல.”

எழுதிக் கொடுத்தோம். அவரோடு பதினொரு பேர் கையொப்பமிட்டிருக்கின்றனர். அதில் கடைசிக் கையொப்பம் வங்காள எழுத்தில் இருக்கிறது.